நூற்றில் ஆறு பங்கு போதும்!

"ஃபிசிக்ஸ் எனக்கு வராது சார்."

யார் சொன்னது? உன் அப்பாவா? பக்கத்து வீட்டு அண்ணனா? போன வருடம் பாடத்தை மாற்றிக்கொண்டு போன தோழனா?

இல்லை. நீயே சொல்லிக்கொண்டாய். புத்தகத்தைப் பாதிகூடப் புரட்டாமலே சொல்லிக்கொண்டாய்!

படிவம் ஐந்து இயற்பியலில் அழுத்தம் என்றொரு அத்தியாயம். நீரின் அழுத்தம், காற்றின் அழுத்தம், பாஸ்கல், ஆர்க்கிமிடீஸ், பெர்னூலி. பெயர்களைப் பார்த்தே மிரண்டுவிட்டாய்.

அடுத்த சாக்கையும் தயாராக வைத்திருக்கிறாய். "நாங்க தோட்டத்து ஆளுங்க சார். எங்களுக்கு இதெல்லாம் சரிப்படாது."

தோட்டத்து ஆளா நீ? அப்படியானால் முன்வரிசைக்கு வா! இந்த அத்தியாயத்தை உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

1896இல் நம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் ரப்பர் கன்றுகளை நட்டார். மலாயாவில் வணிகத்துக்காக நடப்பட்ட முதல் ரப்பர்த் தோட்டம் அதுதான்.

அந்த மரங்களுக்குப் பின்னால் நம் சனம் வந்தது. ஜாசின், புக்கிட் ஆசகான், தெபோங், அலோர் காஜா என்று லயங்கள் எழுந்தன.

ஒன்று கேட்கிறேன், பதில் சொல். உன் பாட்டி ஏன் இருட்டில் எழுந்தாள்? விடியுமுன் பெரட்டுக்கு நின்று, விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு, கொசுக்கடியில் ஏன் நிரைக்குள் நுழைந்தாள்?

"வெயில் வருமுன் வேலை முடியணும்." பாதி பதில்!

மீதிப் பாதியைக் கேள். இரவில் இலைகள் அதிகம் நீரை இழப்பதில்லை. வேர் இழுத்த நீர் மரத்தில் தங்குகிறது. பட்டைக்குள் ஓடும் பால்குழாய்கள் விம்மி நிற்கின்றன.

வெயில் ஏறினால்? இலைகள் நீரை ஆவியாக விடும். உள்ளே அழுத்தம் இறங்கும். பால் குறையும்.

அந்த விம்மல் எவ்வளவு தெரியுமா? பட்டரி, போட்மேன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ரப்பர் மரப் பட்டைக்குள் மெல்லிய குழாய்களைச் செருகி அளந்தார்கள். 1964இல் வெளியிட்டார்கள். பத்து வளிமண்டல அழுத்தத்தையும் தாண்டியது!

நெடுஞ்சாலையில் ஓடும் லாரியின் டயருக்குள்கூட ஏழு, எட்டுதான். கடலில் 100 மீட்டர் ஆழத்தில் நீர் தரும் அழுத்தம் அந்தப் பட்டைக்குள் இருந்தது. அதன்மேல்தான் உன் பாட்டி உளியை வைத்தாள்!

யாரும் உறிஞ்சவில்லை. யாரும் பிழியவில்லை. கோட்டைத் திறந்துவிட்டாள். அழுத்தமே பாலை மங்குக்குத் தள்ளியது.

உளி ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கினால் மரம் புண்ணாகும். குறைவாக இறங்கினால் பால் குறைந்துவிடும். அந்தக் கணக்கை அவள் மணிக்கட்டு போட்டது. ஒவ்வொரு மரத்துக்கும். ஒவ்வொரு விடியலுக்கும்.

உனக்கு இயற்பியல் வராதா? உன் ரத்தம் அதற்குள் இரண்டு, மூன்று தலைமுறை வேலை செய்திருக்கிறது!

இதைப் பெருமைக்காக மட்டும் சொல்லவில்லை. கோபத்தோடும் சொல்கிறேன். ஏனென்றால் கதை பால் ஸ்டோருக்குப் போனதும் மாறுகிறது.

காண்டா வாளியில் பாலைச் சுமந்து வருவார்கள். எடை பார்க்கும் இடத்தில் கிராணி ஒரு கண்ணாடி மிதவையைப் பாலுக்குள் விடுவார். மெட்ரோலாக் என்று அதற்குப் பெயர். மிதவை எவ்வளவு அமிழ்கிறது என்று பார்த்து ஓர் எண்ணை எழுதுவார்.

அந்த எண் என்ன? பாலில் எத்தனை பங்கு ரப்பர் என்ற கணக்கு. ரப்பர் நீரைவிட லேசானது. ரப்பர் கூடினால் பாலின் அடர்த்தி குறையும், மிதவை ஆழமாக இறங்கும். மழைநீர் கலந்தால் அடர்த்தி கூடும், மிதவை மேலே நிற்கும்.

ஆர்க்கிமிடீஸ் தத்துவம்! அமிழ்ந்த பொருள் விலக்கும் நீர்மத்தின் எடை எவ்வளவோ, அவ்வளவு விசை அதை மேலே தள்ளும். உன் புத்தகத்தில் இருக்கும் அதே வாக்கியம். 2,200 ஆண்டுப் பழைய வாக்கியம்.

மரம் வெட்டியது அவள். சுமந்தது அவள். ஆனால் மிதவையின் கோடுகளைப் படித்தது வேறொருவர். எண்ணை எழுதியது வேறொருவர். அவள் வாங்கிப் போனது அந்த எண் சொன்ன கூலியை!

அவளுக்கு அறிவு குறைவா? இல்லை! அந்தக் கோடுகளின் பொருளை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவ்வளவுதான்.

உனக்குச் சொல்லித்தர ஆள் இருக்கிறது. புத்தகம் இருக்கிறது. அரசாங்கமே பாடமாக வைத்திருக்கிறது. நீயோ வராது என்கிறாய்!

அளக்கத் தெரியாதவனுக்கு அடுத்தவன் எண் சொல்வான். வாழ்நாள் முழுவதும் சொல்வான். அது உனக்குச் சம்மதமா?

சம்மதமில்லை என்றால், எழு. கிளேபாங் கடற்கரைக்கு வா.

அங்கே நிற்கிறது ஒரு நீர்மூழ்கிக் கப்பல். பிரான்சில் நம் கடற்படையினர் பயிற்சி பெற்ற கப்பல். ஓய்வு பெற்று மலாக்காவுக்கு வந்து அருங்காட்சியகமாகிவிட்டது. எத்தனை முறை அதன் முன்னால் நின்று படம் எடுத்திருப்பாய்! இந்த இரும்பு மலை எப்படி மூழ்கியது, எப்படி எழுந்தது என்று ஒருமுறையாவது கேட்டாயா?

பதில் எளிது. கப்பலின் தொட்டிகளைத் திறந்து கடல்நீரை உள்ளே விடுகிறார்கள். அது விலக்கும் நீரின் எடையைவிடக் கப்பலின் எடை கூடுகிறது. இறங்குகிறது. அழுத்தி அடைத்த காற்றால் அந்த நீரை வெளியே தள்ளுகிறார்கள். எடை குறைகிறது. எழுகிறது.

அதே இரும்பு. அதே கடல். உள்ளே நீரா, காற்றா என்பதுதான் கேள்வி.

300 மீட்டர் ஆழத்தில் அதன் உடல்மேல் எவ்வளவு பாரம்? ஒவ்வொரு 10 மீட்டர் நீருக்கும் ஏறக்குறைய ஒரு வளிமண்டலம் கூடும். ஆக, 30. உன் விரல் நகமளவு இடத்தில், ஒரு சதுர சென்டிமீட்டரில், 30 கிலோ! நீயே கணக்கிட்டுப் பார். பெருக்கல்தானே? இதற்கா பயந்தாய்?

பயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீந்தத் தெரியாதவன் ஆழத்தில் விழுந்து பதறினால் ஒரு தவறு செய்யக்கூடும். கைகளை நீருக்கு மேலே தூக்குவது!

கை வெளியே வந்தால், உடல் விலக்கும் நீர் குறைகிறது. விலக்கும் நீர் குறைந்தால் மேலே தள்ளும் விசை குறைகிறது. தலை உள்ளே போகிறது. நுரையீரலில் காற்றை நிறைத்துக்கொண்டு, கைகளை நீருக்குள்ளேயே வைத்துச் சாய்ந்து கிடந்தால் பெரும்பாலானோர் மிதப்பார்கள். உடலின் அடர்த்தி நீருக்கு அவ்வளவு அருகில் இருக்கிறது!

தஞ்சோங் பிடாராவுக்குக் குளிக்கப் போகிற பிள்ளைகளுக்கு இந்த ஒரு பத்தியை யாராவது சொல்லித்தர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம். சூத்திரம் தேர்வுக்கு மட்டும் என்று யார் சொன்னார்கள்?

நீரை விட்டுக் காற்றுக்கு வா. இங்கேதான் உன் பயம் அதிகம். "விமானம் பறப்பதெல்லாம் பெரிய விஷயம் சார்."

பெரிய விஷயமா? பார்த்துவிடலாம்!

இப்போது உன்மேல் காற்று எவ்வளவு பாரத்தோடு அழுத்துகிறது? ஒரு சதுர மீட்டருக்குப் பத்து டன்னுக்கும் மேல். துல்லியமாகச் சொன்னால் 1,01,325 பாஸ்கல். உன் உள்ளங்கை அளவு இடத்தில் ஏறத்தாழ 100 கிலோ.

நசுங்கினாயா? இல்லையே! ஏன்? உன் உடலுக்குள்ளிருந்தும் அதே அழுத்தம் வெளியே தள்ளுகிறது. இருபுறமும் சமம். எனவே உனக்குத் தெரியவே இல்லை.

சமம் கெட்டால்தான் அந்தத் தள்ளல் தெரியும். விமானமும் அப்படித்தான்.

பண்டார் ஹிலிரில் தாமிங் சாரி கோபுரம் 2008 முதல் சுழன்று ஏறிக்கொண்டிருக்கிறது. உட்கார்ந்தால் 80 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிப்போகும். கீழே இருந்த காற்றழுத்தத்துக்கும் மேலே இருப்பதற்கும் வித்தியாசம் எவ்வளவு? ஏறக்குறைய 900 பாஸ்கல். நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. காது லேசாக உணரலாம், அவ்வளவே.

செஸ்னா 172 என்ற நான்கு இருக்கைச் சிறு விமானத்தைப் பார். உலகமெங்கும் பறக்கக் கற்பவர்கள் ஓட்டும் விமானம். முழு எடை 1,111 கிலோ. இறக்கையின் பரப்பு 16.2 சதுர மீட்டர். வகுத்துப் பார்.

ஒரு சதுர மீட்டருக்கு 69 கிலோ! அழுத்தமாகச் சொன்னால் 670 பாஸ்கல் சொச்சம்.

புரிகிறதா உனக்கு? தாமிங் சாரியின் அடிக்கும் உச்சிக்கும் உள்ள வித்தியாசத்தைவிடக் குறைவான ஒன்று, இறக்கையின் கீழ்ப்புறத்துக்கும் மேற்புறத்துக்கும் இடையே இருந்தால் போதும். நாலு பேரோடு ஒரு விமானம் வானத்தில் நிற்கும்!

பெரிய விமானம்? மலேசிய விமான நிறுவனத்தின் போயிங் 737-800. முழுப் பாரத்தோடு 79 டன். இறக்கைப் பரப்பு 125 சதுர மீட்டர் அளவு. வகு!

சுமார் 6,200 பாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தில் நூற்றில் ஆறு பங்கு. வெறும் ஆறு! தொடையளவு தண்ணீருக்குள் நின்றால் உன் பாதம் கூடுதலாக உணரும் அழுத்தம் அதுதான்.

79 டன்னைத் தூக்குவது அசுர பலம் அல்ல. ஆறு பங்கு வித்தியாசம், இறக்கை முழுவதும் பரவி, ஒரு நொடிகூட விடாமல் நிற்கிறது.

அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? இதில் ஒரு பொய் விளக்கம் பல காலமாக உலாவுகிறது. இறக்கையின் மேற்பக்கம் வளைந்து நீளமாக இருக்கிறதாம். மேலே போகும் காற்று கீழே போகும் காற்றோடு பின்முனையில் ஒரே நேரத்தில் சேர வேண்டுமாம். அதற்காக வேகமாக ஓடுகிறதாம்.

யார் போட்ட சட்டம் அது? காற்றுக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை! சோதனைக் கூடத்தில் புகை விட்டுப் பார்த்தால், மேலே போன காற்று முன்னதாகவே பின்முனையைத் தாண்டிவிடுகிறது.

உண்மை இது. சற்றே சாய்ந்து விரையும் இறக்கை காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. காற்றை அது கீழே தள்ளுகிறது, காற்று அதை மேலே தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி. மேற்பரப்பில் காற்று வேகமெடுத்து அழுத்தம் தாழ்கிறது, கீழே அழுத்தம் ஓங்குகிறது. பெர்னூலி சொன்னது. ஒரே நிகழ்ச்சியை இருவரும் இரு பக்கத்திலிருந்து சொல்கிறார்கள்.

பொய் விளக்கத்தை மனப்பாடம் செய்தவன், விமானம் எப்படித் தலைகீழாகவும் பறக்கிறது என்று கேட்டால் விழிப்பான். புரிந்துகொண்டவன் விழிக்க மாட்டான். நீ யாராக இருக்கப் போகிறாய்?

புத்தகத்தில் இருப்பதையும் அளந்து பார்க்கிற துணிச்சல் வேண்டும்! அந்தத் துணிச்சல்தான் மனிதனைப் பறக்க வைத்தது.

புக்கிட் லிந்தாங்கில் கன்று நட்ட அதே 1896. ஆகஸ்டு மாதம். ஜெர்மனியில் ஓட்டோ லிலியந்தால் தன் கிளைடரோடு விழுந்து இறந்தார். அந்தச் செய்தி அமெரிக்காவில் ஒரு சைக்கிள் கடைக்குள் தீயை மூட்டியது.

வில்பர், ஓர்வில் ரைட். சைக்கிள் பழுதுபார்த்த அண்ணன் தம்பி. இருவரும் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ்கூட வாங்கியதில்லை! நீ வைத்திருக்கும் சாக்கு அவர்களிடமும் இருந்தது. அவர்கள் அதை எடுக்கவே இல்லை.

1901இல் அவர்களுடைய கிளைடர் தோற்றது. கணக்குப்படி வரவேண்டிய தூக்குவிசையில் மூன்றில் ஒரு பங்குதான் வந்தது. இன்னும் ஐம்பது ஆண்டுக்கு மனிதன் பறக்க மாட்டான் என்று வில்பரே தம்பியிடம் சொல்லிவிட்டார்!

சொன்னவர் என்ன செய்தார்? படுத்துவிட்டாரா? பாடத்தை மாற்றிக்கொண்டாரா?

மரப்பெட்டி ஒன்றில் காற்றுச் சுரங்கம் கட்டினார்கள். ஆறடி நீளம். சைக்கிள் கம்பியையும் ரம்பத் தகட்டையும் வளைத்துத் தராசு செய்தார்கள். ஏறத்தாழ 200 இறக்கை வடிவங்களை ஒவ்வொன்றாக உள்ளே வைத்து அளந்தார்கள்.

கிளைடரில் எடுத்த அளவுகளையும் திரும்பக் கணக்கிட்டார்கள். காற்றின் அழுத்தத்தைக் கணக்கிட நூறாண்டுக்கும் மேலாக பலரும் நம்பி வந்த எண்ணே தப்பு! 0.005 என்று வைத்திருந்தார்கள். உண்மையில் 0.0033 அளவுதான்.

பெரிய படிப்பாளிகள் பலர் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்ட எண். சான்றிதழ் இல்லாத இரண்டு சைக்கிள்காரர்கள் அதைத் திருத்தினார்கள்!

1903 டிசம்பர் 17. 12 விநாடி. 120 அடி. இன்றைய 737இன் ஓர் இறக்கை நுனியிலிருந்து மறு நுனிவரை உள்ள தூரத்துக்கு ஏறக்குறைய சமம்தான் அந்த முதல் பறத்தல். அன்றே நான்காவது முறையில் 59 விநாடி நின்றார்கள்.

லிலியந்தாலைக் கொன்றது எது என்றும் தெரிந்துகொள். அவருடைய கிளைடரின் மூக்கு மேலேறிவிட்டது. இறக்கையின் சாய்வு ஓர் அளவைத் தாண்டினால், பொதுவாக 15 பாகைக்கு அருகில், காற்று மேற்பரப்பை விட்டுப் பிய்ந்துபோகும். தூக்குவிசை சரியும். விமானம் விழத் தொடங்கும்.

அந்த நேரத்தில் மனம் என்ன சொல்லும்? மூக்கைத் தூக்கு, தூக்கு என்று கத்தும். தூக்கினால் சாவு! மூக்கைக் கீழே இறக்க வேண்டும். வேகத்தை மீட்க வேண்டும். காற்று மறுபடியும் இறக்கையை ஒட்டி ஓடும். பிறகுதான் ஏற வேண்டும்.

பத்து பெரண்டாமில் விமானப் பயிற்சிக் கழகம் இருக்கிறது. நம் தாமான்களின் மேலேதான் அந்தச் சிறு விமானங்கள் வட்டமிடுகின்றன. பறக்கக் கற்கிற ஒவ்வொருவரும் வேண்டுமென்றே விமானத்தை அந்த நிலைக்குக் கொண்டுபோய், மூக்கை இறக்கி, மீட்டுப் பழகியாக வேண்டும். விழுவதே பாடத்திட்டத்தில் இருக்கிறது!

நீ ஒரு தேர்வில் 30 மதிப்பெண் வாங்கிவிட்டு, இனிமேல் அந்தப் பக்கமே போக மாட்டேன் என்கிறாய்.

"விமானப் பயிற்சிக்குப் பணம் வேணுமே சார்."

வேண்டும். மறைக்க மாட்டேன். நிறைய வேண்டும். ஆனால் 6,200 பாஸ்கலைக் கணக்கிட எவ்வளவு வேண்டும்? ஒரு பென்சில். ஒரு தாள். அதையாவது செய்தாயா? விமானத்தோடு சேர்ந்த வேலை ஓட்டுவது மட்டுமா? பழுதுபார்க்க ஆள் வேண்டாமா? வடிவமைக்க வேண்டாமா?

"பாடம் மலாயில் இருக்கே சார். தமிழ்ப்பள்ளியில் படிச்சேன்."

ஆறு வருடம் தமிழில் சிந்தித்த மூளை உனக்கு. அதே மூளையால் தமிழிலேயே புரிந்துகொள், மலாயில் எழுது! பாட்டியின் நிரையைத் தமிழில் யோசி. கிளேபாங் கப்பலைத் தமிழில் யோசி. விடைத்தாளில் மலாய் வரட்டும். 101325 எந்த மொழியிலும் 101325தான்.

ராமேசுவரத்துப் பையன் ஒருவரை உனக்குத் தெரியும். அப்துல் கலாம். போர் விமானி ஆக ஆசைப்பட்டு டேராடூன் போனார். எட்டு இடம். அவர் ஒன்பதாவது! இது எல்லோரும் சொல்லும் கதை. அதிகம் பேசாத ஒன்றைச் சொல்கிறேன்.

பிறகு பெங்களூரில் அவர் குழு 'நந்தி' என்ற மிதவை ஊர்தியைக் கட்டியது. காற்றை அடியில் அழுத்தி, தரையைத் தொடாமல் மிதக்கும் வண்டி. 550 கிலோ எடை. அதன் கீழே 40 மில்லிமீட்டர் காற்று மெத்தை. அழுத்தம் பெருக்கல் பரப்பு என்ற உன் முதல் சூத்திரமே அதன் உயிர்!

பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனையே அதில் ஏற்றி ஓட்டினார் கலாம். மேனன் பதவி விலகினார். திட்டம் கிடப்பில் போடப்பட்டது. உழைப்பு அத்தனையும் வீணா?

இல்லை! டாடா ஆய்வு நிலையத்தின் எம்.ஜி.கே. மேனன் வந்தார். வண்டியைப் பார்த்தார், ஏறினார். அதற்குப் பின்தான் விண்வெளி ஆய்வுக்கான நேர்முகத்துக்குக் கலாமுக்கு அழைப்பு வந்தது. கிடப்பில் கிடந்த நந்திதான் அவரை ராக்கெட்டிடம் கொண்டுபோய் விட்டது.

தம்பி, தங்கச்சி, ரப்பர் மரங்கள் குறைந்து செம்பனை நிறைந்துவிட்டது. லயங்கள் பல போய்விட்டன. நீ தாமானில் பிறந்திருக்கலாம். உளியைத் தொட்டே பார்த்திருக்க மாட்டாய். அதனால் என்ன? அன்று உன் பாட்டி படிக்க முடியாத அந்த மிதவையின் கோடுகள் இன்று உன் பாடப்புத்தகத்தில் கிடக்கின்றன. எடு!

இன்று ராத்திரி எடு. நாளைக்கு என்று சொல்லாதே! தொலைபேசியைத் தள்ளி வை. தாளை விரி.

நான் ஒரு கணக்கு தருகிறேன். விமானம் 35,000 அடியில் பறக்கிறது. வெளியே காற்றழுத்தம் 24,000 பாஸ்கல் அளவு. பயணிகள் மூச்சுவிட வேண்டுமே, அதனால் உள்ளே 75,000 வைத்திருக்கிறார்கள். கதவின் பரப்பு ஒன்றரைச் சதுர மீட்டர் என்று கொள்.

பயணி ஒருவர் பயந்துபோய் அந்தக் கதவை உட்பக்கம் இழுக்கப் பார்க்கிறார். அவருக்கு எதிராகக் கதவை அழுத்திப் பிடித்திருப்பது எத்தனை டன்?

கழி. பெருக்கு. வகு. விடையை அடுத்தவனிடம் கேட்காதே. நீயே போடு!